திருகோணமலையை வானிலிருந்து படம் பிடிக்க: ஹெலிகொப்டர் புகைப்படத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருகோணமலையில் இருந்துகொண்டு ஹெலிகொப்டர் புகைப்படத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்தக் கமரா வாங்கலாம் என்பதையே. கமராவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன் சொல்லவேண்டியது வேறு. ஹெலிகொப்டர் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்திலிருந்துதான் வரும். விமானியும் அதோடு வருவார். நல்ல கமராவைப் பணம் உள்ள எவரும் வாடகைக்கு எடுத்துவிடலாம். ஆனால் கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையின் கிழக்கு முகத்தில் வெயில் எத்தனை மணிவரை நிற்கும், கச்சான் காற்று எப்போது எழும்பும், தம்பலகாமத்து வயல் எந்த மாதத்தில் பச்சைப் பிடித்திருக்கும், எந்தக் கரையில் எந்நேரம் வலை இழுப்பார்கள் என்பதெல்லாம் இந்த ஊரில் வாழ்பவருக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் கொழும்பிலிருந்து ஆளைக் கூட்டிவராமல் உங்களை அழைப்பதற்கு இந்த அறிவைவிட வேறு காரணம் இருக்க முடியாது. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி நிலத்தில் செய்யவேண்டிய வேலையைப் பற்றியது.

ஹெலிகொப்டர் தேவைதானா?

ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகம், ஒரு பாடசாலைக் கட்டடம், ஒரு காணித்துண்டு என்றால் ட்ரோன் போதும். அதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லுங்கள். தேவையில்லாத செலவை நீங்களே தவிர்த்துக் கொடுத்தால், உண்மையில் ஹெலிகொப்டர் தேவைப்படும் நாளில் அவர் உங்கள் சொல்லை நம்புவார்.

ட்ரோனுக்கு எட்டாத வேலைகள் திருகோணமலையில் தாராளமாக இருக்கின்றன. உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை நீளும் மணற்கரையை ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும் என்றாலோ, உள்துறைமுகமும் கொட்டியாரக் குடாவும் நகரமும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டும் என்றாலோ உயரமும் தூரமும் வேண்டும். ஆழ்கடலில் திமிங்கிலம், வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல், மகாவலி கடலோடு சேரும் முகத்துவாரம் ஆகியவையும் அப்படித்தான். ஒரே காலையில் ஐந்தாறு இடங்களை ஒரே வெளிச்சத்தில் முடித்துக் கொடுக்கவும் ஹெலிகொப்டரால்தான் முடியும். ஹோட்டல் குழுமங்கள், துறைமுகம் சார்ந்த நிறுவனங்கள், வீதியும் பாலமும் அமைக்கும் ஒப்பந்தக்காரர்கள், தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள், சுற்றுலா விளம்பரம் செய்வோர் ஆகியோரே இங்கே வாடிக்கையாளர்களாக வரக்கூடியவர்கள்.

ஆனாலும் ட்ரோனிலிருந்து தொடங்குங்கள். சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் முறையாகப் பதிவுசெய்து, அனுமதி கிடைக்கும் இடங்களில் மட்டும் பறக்கவிட்டு, மேலிருந்து பார்க்கும் கண்ணைப் பழக்குங்கள். தரையில் அழகாகத் தெரியும் பல இடங்கள் மேலிருந்து பார்த்தால் தட்டையாகிவிடும். மாறாக, தரையில் யாருமே கவனிக்காத உப்பளத்து வரம்பும் களப்பு ஓரத்துக் கண்டல் காடும் மேலிருந்து பார்க்கும்போது உயிர் பெறும். இந்த வேறுபாட்டை மணிக்கணக்கில் பணம் போகும் ஹெலிகொப்டரில் உட்கார்ந்து கற்கக்கூடாது.

காற்றையும் வெயிலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். காற்று, கடலின் நிறம், வயலின் நிலை, புகைமூட்டம், மேகம் எழும் நேரம் ஆகியவற்றை அவ்வப்போது குறித்து வாருங்கள். ஒரு வருடம் முடியும்போது எந்தக் கொழும்புப் படப்பிடிப்பாளரிடமும் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

பொதுப்படையான நிலைமை இதுதான். நவம்பர் முதல் ஜனவரிவரை வாடைக்காற்றும் மழையும். அந்த மாதங்களில் பறப்புத் திகதியை உறுதியாக வாக்குக் கொடுக்கவே கூடாது. மழை ஓய்ந்த பெப்ரவரியும் மார்ச்சும் என் விருப்பமான காலம். தூசி கழுவப்பட்டிருப்பதால் தொலைவிலுள்ள மலைகளும் தெளிவாக விழும். பெரும்போக வயல் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் திமிங்கிலங்களும் கரைக்கு எட்டும் தூரத்தில் தென்படும். மே முதல் செப்டெம்பர்வரை மேற்கிலிருந்து தரைக்காற்றான கச்சான் வீசும். கடற்கரையோரம் நீர் தெளிந்து பச்சையும் நீலமுமாக இருப்பதால் ஹோட்டல்காரர்கள் விரும்புவது இந்தக் காலத்தையே. ஆனால் பகல் ஏறஏறக் காற்று முரடாகும், வெப்பத்தில் அடிவானம் வெளிறும். விடியலையொட்டிய சில மணி நேரம்தான் அந்த மாதங்களில் உங்களுக்கு உரியது.

கச்சானைப் பற்றி இன்னொன்று. கோணேசர் கோவில் நிற்கும் செங்குத்துப் பாறையைக் கடல்பக்கத்திலிருந்து எடுப்பதுதான் எல்லோரும் கேட்கும் படம். மேற்கிலிருந்து வரும் காற்று அந்த மலையைத் தாண்டிக் கடல்பக்கம் விழும்போது சுழன்று கீழ்நோக்கி இறங்கும். படத்துக்காக ஹெலிகொப்டர் பறக்கவேண்டிய இடமும் அதுவே. ஆகவே கச்சான் காலத்தில் அந்தப் படத்தைக் காற்று எழும்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். காற்று எழும்பிவிட்டால் விலகி நின்று நீண்ட லென்ஸால் எடுக்க வேண்டும். விமானி வெளியூரவர் என்றால் முதல்நாளே இதைப் பேசிவிடுங்கள்.

திருகோணமலைக் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலை வெயில் கடலிலிருந்து கரையை நேராக ஒளிரச் செய்யும். மாலையில் அதே கரை எதிர்வெளிச்சத்தில் இருண்டுவிடும். எனவே கோணமலை என்கிற சுவாமி மலை, டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளி எல்லாம் காலை வேலைகள். உள்துறைமுகத்தின் நீர்ப்பரப்பும் அதைச் சூழ்ந்த மேடுகளும் மாலையில் அழகு பெறும்.

நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவின் பவளப்பாறைக்கு வேறு கணக்கு. வெயில் மிகத் தாழ்வாக இருந்தால் ஒளி நீருக்குள் இறங்காமல் மேற்பரப்பிலேயே தெறித்துவிடும். மிக உயர்ந்துவிட்டால் உங்களுக்கு நேர் கீழே கடல் கண்ணாடிபோல் பளபளக்கும். காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில், சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி சுற்றினால் பாறையின் உருவம் நீருக்கடியில் தெளிவாகத் தெரியும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழலே இல்லாத அந்த வெளிச்சத்தில் கட்டடமும் மரமும் தரையோடு ஒட்டிப்போய்த் தெரியும். அந்நேரத்தில் பறப்பது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

அனுமதிகள்

திருகோணமலையில் இந்தப் பகுதியைக் கவனமாகச் செய்யாதவர்களுக்குத் தொழில் நிலைக்காது. சீனக்குடா விமானத்தளம் விமானப்படையினுடையது. துறைமுகத்தின் ஒரு பெரும்பகுதி கடற்படையினுடையது. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பினாலும் ஏதோ ஒரு பாதுகாப்பு எல்லை படச்சட்டத்துக்குள் வந்துவிடும்.

வான்வழிப் படப்பிடிப்புக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். பறப்பு சார்ந்த ஒப்புதல்களைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடமும் விமானப்படையிடமும் ஹெலிகொப்டர் நிறுவனம் பெறும். ஆனால் எங்கே, எதற்காக, யாருக்காகப் படம் எடுக்கிறீர்கள் என்ற விவரத்தை நீங்கள்தான் தயாரித்துக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் கடிதம், படம் எடுக்கப்போகும் இடங்களை எல்லைகோடிட்டுக் காட்டும் வரைபடம், உத்தேச உயரம், திகதியும் மாற்றுத் திகதிகளும், ஏறப்போகிற அனைவரின் அடையாள அட்டை விவரம், கமராக்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத் திகதிகளை முதல் விண்ணப்பத்திலேயே சேர்ப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் ஒரு மழை நாளுக்காக எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரிடும்.

புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் சம்மதமும் வேண்டும். தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுகின்றன. தாழப் பறந்து அவற்றைக் கலைத்துப் பெறும் எந்தப் படமும் எனக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். திமிங்கிலத்துக்கும் இதே விதிதான். உயரத்தில் நின்று நீண்ட லென்ஸால் எடுங்கள். அது திடீரென ஆழத்துக்கு இறங்கினால் பின்தொடராமல் விட்டுவிடுங்கள்.

சீனக்குடாவைச் சூழ்ந்த எண்ணெய்க் குதங்கள் மேலிருந்து பார்க்க மிகவும் வியப்பானவை. பிரித்தானியர் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் தாக்கியபோது ஒரு விமானம் மோதி எரிந்த குதத்தின் சிதைவும் காட்டுக்குள் இருக்கிறது. ஆசை வரும். அனுமதிப் பத்திரத்தில் அந்த இடம் எழுதப்படாதிருந்தால் கமராவைத் தாழ்த்திவிடுங்கள்.

நிறுவனத்தையும் விமானியையும் தெரிவுசெய்தல்

கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்திலிருந்து திருகோணமலை நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீற்றர். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சிறிய ஹெலிகொப்டருக்கு வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்புவதற்கு இன்னொரு மணி நேரம். படம் எடுக்கும் நேரத்தைவிட இந்தப் போக்குவரத்து நேரத்துக்கே கூடுதல் பணம் போகலாம். அதைவிட முக்கியமான சிக்கல் வெளிச்சம். விடிந்த பிறகு கொழும்பில் கிளம்பினால் இங்கே வரும்போது ஏழரை ஆகிவிடும். எரிபொருள் நிரப்பி, கதவு கழற்றி, பேசி முடித்து எழும்புவதற்குள் காலையின் நல்ல ஒளி போய்விடும். முதல்நாள் மாலையே ஹெலிகொப்டரை வரவழைத்து இரவு இங்கே நிறுத்துவதுதான் சரி. தரிப்பிடம், காவல், விமானியின் தங்குமிடம் என்று செலவு கூடும். அந்தச் செலவின் காரணத்தை வாடிக்கையாளருக்கு விளக்கி, கணக்கில் சேர்த்துவிடுங்கள். வரும் மாலையிலேயே உள்துறைமுக வேலையை முடித்துக்கொண்டால் அந்தச் செலவில் ஒரு பகுதி ஈடாகிவிடும்.

நிறுவனத்திடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். வணிகப் பறப்பு நடத்த நிறுவனத்துக்கு வேண்டிய சான்றிதழ் நடைமுறையில் இருக்கிறதா? கதவைக் கழற்றிப் பறக்க அந்த வகை ஹெலிகொப்டருக்கு அனுமதியும் அவர்களுடைய செயல்முறைக் கையேட்டில் இடமும் உண்டா? படப்பிடிப்புப் பறப்பைக் காப்புறுதி உள்ளடக்குகிறதா? கடலுக்கு மேலே பறக்க எந்த உபகரணம் ஏற்றுவார்கள்? விமானி இதற்கு முன் படப்பிடிப்புக்காகப் பறந்திருக்கிறாரா? எரிபொருளை எங்கே நிரப்புவார்கள்? சிறிய ஹெலிகொப்டர்களில் ரொபின்சன் ஆர்44 பிஸ்டன் இயந்திரம் கொண்டது. அதற்கு ஏவ்காஸ் என்ற விமானப் பெற்றோல் வேண்டும். பெல் 206 டர்பைன் இயந்திரம் கொண்டது, ஜெட் எரிபொருளில் ஓடும். இந்த இரண்டு எரிபொருளும் எல்லாத் தளங்களிலும் கிடைப்பதில்லை.

ஆர்44 இல் நான்கு ஆசனங்கள் இருக்கின்றன என்பதற்காக நான்கு பேரை ஏற்ற எண்ணாதீர்கள். நிறைந்த எரிபொருள் தாங்கி, கனத்த ஆட்கள், 33 பாகை வெப்பம் மூன்றும் சேர்ந்தால் அதன் தூக்கும் வலு குறைந்துபோகும். விமானி எடை கேட்டால் உடுப்பும் கமராப் பையும் சேர்த்த உண்மையான எடையைச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் நண்பர்கள் ஏற விரும்பினால் மறுக்கும் பொறுப்பும் உங்களுடையதே. நீங்கள், விமானி, தேவையானால் வாடிக்கையாளரின் பிரதிநிதி ஒருவர். அதற்கு மேல் வேண்டாம்.

கருவிகள்

இரண்டு கமரா உடல்கள், இரண்டு லென்ஸ்கள்: 24-70 மி.மீ., 70-200 மி.மீ. கதவில்லாத ஹெலிகொப்டரில் லென்ஸ் மாற்றக்கூடாது. கையிலிருந்து நழுவும் ஒரு மூடி வாலிலுள்ள பின்சுழலியில் பட்டால் எல்லோருடைய உயிரும் போகும். லென்ஸ் ஹூட்டையும் கழற்றிவிட்டு ஏறுங்கள், காற்று அதைப் பிடுங்கிக்கொள்ளும். 24 மி.மீ.க்குக் குறைந்த அகலக்கோணத்தில் சுழலியின் இறக்கையும் சறுக்குக்காலும் படத்துக்குள் வந்து விழும்.

ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையக்கூடாது. 200 மி.மீ.யில் 1/2000 வரை போங்கள். எல்லாப் பொருளும் தொலைவில் இருப்பதால் லென்ஸின் துளை எஃப் 4 முதல் எஃப் 5.6 வரை போதும், கூர்மையின் ஆழத்துக்காக எஃப் 11 தேடவேண்டியதில்லை. அதிகாலையில் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 800 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். சிறிது மணல்மணலாகத் தெரியும் படத்தைத் திருத்தலாம், அசைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது. பிறகு திருத்த வசதியான ரோ கோப்பில் எடுங்கள். குவியத்தைத் தூரத்தில் நிறுத்தி, வளையத்தின்மேல் நாடா ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி பவளப்பாறைக்கு உதவும். அகலக்கோணத்தில் வானம் சேர்ந்தால் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளிறிப்போகும் என்பதால் அப்போது கழற்றியிருக்க வேண்டும். ஆகவே அதை நீண்ட லென்ஸில் மட்டும் மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.

கமராவையோ முழங்கையையோ ஹெலிகொப்டரின் உடலில் ஊன்றாதீர்கள். அதிர்வு நேராகப் படத்துக்குள் இறங்கும். உங்கள் உடலே அதிர்வை உறிஞ்சும் மெத்தை. கைகளை விலாவோடு சேர்த்துப் பிடித்து, முதுகை ஆசனத்திலிருந்து சற்று விலக்கிக்கொள்ளுங்கள். கதவு கழற்ற அனுமதியில்லாமல் கண்ணாடிக்குள்ளால் எடுக்க நேர்ந்தால் கறுப்பு உடை அணியுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெறிக்கும்.

கதவு, பட்டி, கடல்

2018 மார்ச் 11ஆம் திகதி நியூயோர்க்கின் கிழக்கு ஆற்றில், படம் எடுப்பதற்காகக் கதவுகளைத் திறந்து பறந்த ஒரு ஹெலிகொப்டர் இயந்திரம் நின்று நீரில் இறங்கிக் கவிழ்ந்தது. விமானி தப்பினார். பயணிகள் ஐந்து பேரும் மூழ்கி இறந்தார்கள். வெளியே விழாமல் இருப்பதற்காக அவர்களுக்கு அணிவித்த ஹார்னஸ் என்ற உடற்பட்டி முதுகுப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. நீருக்கடியில் அதைத் தாங்களாகவே கழற்றிக்கொள்ள அவர்களால் இயலவில்லை. முன்னாசனத்தில் இருந்தவரின் கட்டுப்பட்டி எரிபொருளை அடைக்கும் நெம்புகோலில் சிக்கியதால்தான் இயந்திரமே நின்றது என்று விசாரணையில் தெரியவந்தது.

கடலுக்கு மேலே வேலை செய்யப்போகும் ஒவ்வொருவரும் இந்த விபத்தை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஹெலிகொப்டரின் சொந்த ஆசனப்பட்டியே முதல் பாதுகாப்பு. மேலதிக ஹார்னஸ் அணிந்தால், அது சிவில் விமான சேவைகள் அதிகார சபை ஏற்றுக்கொண்டதாகவும், ஒரே கையால் உங்கள் முன்பக்கத்திலிருந்து ஒரு நொடியில் விடுவிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மலையேறுவோர் பயன்படுத்தும் கொக்கிகளை நீங்களாகக் கொண்டுவந்து மாட்டாதீர்கள். தரையில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகுங்கள், இடக்கையாலும் பழகுங்கள். கமராவின் வார் ஹார்னஸின் விடுவிப்பை மறைக்கக்கூடாது. பட்டி அறுக்கும் கொக்கிக்கத்தி ஒன்று எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உயிர்காப்பு அங்கியை ஏறும்போதே அணிந்திருங்கள். ஆனால் ஹெலிகொப்டருக்குள் இருக்கும்போது அதை ஊதவிடவே கூடாது. உள்ளே ஊதினால் அது உங்களைக் கூரையோடு அழுத்திப் பிடித்துவிடும், வெளியேற முடியாது. நீருக்கடியில் ஹெலிகொப்டரிலிருந்து வெளியேறும் பயிற்சி எங்காவது கிடைத்தால், புதிய லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தை எடுத்து முதலில் அதைக் கற்றுவிடுங்கள்.

ஊருக்குச் சொல்லுங்கள்

இதைக் கொழும்பில் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். இந்த மாவட்டத்தில் போர்க்காலத்தில் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை இன்னும் நம்மோடு வாழ்கிறது. மூதூரிலும் சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் தாழப் பறந்து சுற்றும் ஹெலிகொப்டர் ஒரு முதியவளின் உடலை நடுங்க வைக்கக்கூடும். உங்கள் விளம்பரப் படத்துக்காக அதைச் செய்ய உங்களுக்கு உரிமையில்லை.

பறப்புக்குச் சில நாட்களுக்கு முன்பே கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் சந்தித்து, என்ன, எப்போது, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். கோவில் பரிபாலன சபையிடமும், கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் சொன்னால் ஒலிபெருக்கியில் அறிவித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும், கோவில்களின் பூசை, தேர், தீர்த்த நேரங்களையும், பரீட்சை நடக்கும் நாட்களில் பாடசாலைப் பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவரை நேரில் பாருங்கள். கரைவலை இழுக்கும்போது மேலே சத்தம் கூடாது என்று அவர்கள் சொன்னால் அந்த நேரத்தை விட்டுக்கொடுங்கள். மீனவர் குடில்களான வாடிகளுக்கு முன்னால் கருவாடு காயும். தாழ வரும் ஹெலிகொப்டரின் கீழ்க்காற்று மணலை அள்ளி அதன்மேல் கொட்டினால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகிவிடும். தகரக் கூரையும் அப்படித்தான் பெயரும். பொதுவான சர்வதேச விதி, நெருக்கமான குடியிருப்புகளுக்கு மேலே மிக உயரமான தடையிலிருந்து 300 மீற்றரும் ஏனைய இடங்களில் 150 மீற்றரும் குறைந்தபட்ச உயரமாக வைத்திருக்கிறது. ஊர்களுக்கு மேலே அதற்கும் கூடுதலான உயரத்தையே விமானியிடம் கேளுங்கள். 70-200 லென்ஸ் கையில் இருக்கும்போது தாழப் போகவேண்டிய அவசியமே வராது.

பறக்கும் நாள்

எடுக்கவேண்டிய படங்களை வெளிச்ச வரிசையில் எழுதிய ஒரு பக்கத் தாளை விமானிக்கு முதல்நாளே கொடுங்கள். முழங்காலில் கட்டிக்கொள்ளும் பலகையில் உங்கள் பிரதி ஒட்டப்பட்டிருக்கட்டும். கையில் தனித்தாள் கூடாது. வழமையான ஒரு காலை இப்படி அமையும்: முதலில் கோணமலையின் கடல்முகம், பிறகு வடக்கே உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், வெயில் ஏறியதும் புறாத்தீவு, திரும்பும் வழியில் நகரம், தெற்கே 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம், தம்பலகாமத்து வயல், கடைசியாக மகாவலி முகத்துவாரம். மழைக்குப் பின் ஆற்றின் செம்மண் நீர் கொட்டியாரக் குடாவுக்குள் விரிந்து பரவும் காட்சியை வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் எடுத்து வையுங்கள்.

ஹெலிகொப்டரை எப்போதும் முன்பக்கமாக, விமானி உங்களைப் பார்த்துத் தலையசைத்த பிறகே அணுகுங்கள். வாற்பக்கம் போகவே கூடாது. முக்காலி போன்ற நீண்ட பொருளைத் தோளில் வைக்காமல் இடுப்பளவில் கிடையாகப் பிடியுங்கள். தொப்பி, சால்வை, சட்டைப்பையில் பேனா, நாணயம் எல்லாம் தரையிலேயே இருக்கட்டும்.

ஆர்44 இலும் பெல் 206 இலும் விமானி வலப்பக்கம் அமர்வார். நீங்கள் அவருக்குப் பின்னால் வலப்பக்கமே இருந்தால் இருவரும் ஒரே காட்சியைப் பார்ப்பீர்கள், பேச்சு பாதியாகக் குறையும். திசையை மணிக்கூட்டு முறையில் சொல்லுங்கள்: மூக்குப்பக்கம் 12 மணி, உங்கள் கதவுப்பக்கம் 3 மணி. விமானிக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். உயர்த்த, தாழ்த்த, மெதுவாக, வலப்பக்கம் வட்டமிட, முடிந்தது என்ற ஐந்தாறு சொற்களுக்கு இருவரும் தெரிந்த மொழியில் முன்கூட்டியே உடன்படுங்கள். கதவில்லாத ஆர்44 க்கு வேக எல்லை 100 நொட்ஸ் (மணிக்குச் சுமார் 185 கிலோமீற்றர்) என்பதால், தொலைவான இடங்களுக்கு இடையில் போகும் நேரத்தையும் அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

அந்தரத்தில் அப்படியே நிற்கச் சொல்லாதீர்கள். தாழ்வான உயரத்தில் வேகமின்றி நிற்கும்போது இயந்திரம் நின்றால் பத்திரமாக இறக்க விமானிக்கு அவகாசம் இராது. பின்காற்றில் வேகமின்றி இறங்கும் ஹெலிகொப்டர் தான் கீழே தள்ளிய காற்றுச் சுழிக்குள்ளேயே அமிழக்கூடும். மெதுவான அகன்ற வட்டமே பாதுகாப்பானது, படத்துக்கும் அதுவே நல்லது. ஒவ்வொரு வட்டத்திலும் பின்னணி மாறிக்கொண்டே வரும், பொருத்தமான கணத்தை நீங்கள் தெரிந்தெடுக்கலாம். விமானி முடியாது என்றால் முடியாதுதான். ஒரு முறைகூட வற்புறுத்தாதீர்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கமராவைக் கீழே வைக்காமலே திரையைப் பெரிதாக்கிக் கூர்மையைச் சரிபாருங்கள். தலை சுற்றினால் கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுத்து அடிவானத்தைப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு ஏறுவதும் வயிறு முட்ட உண்டு ஏறுவதும் இரண்டுமே துன்பம்.

விலை, ஒப்பந்தம், கையளிப்பு

விலைக்கூற்றில் பறப்புச் செலவையும் உங்கள் கட்டணத்தையும் கலக்காதீர்கள். கொழும்பிலிருந்து வந்துபோகும் நேரம், படம் எடுக்கும் நேரம், இரவுத் தரிப்பு, தளக் கட்டணம், அனுமதிகளுக்கான வேலை, உங்கள் படப்பிடிப்புக் கட்டணம், படத் திருத்தம், படங்களைப் பயன்படுத்தும் உரிமை என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். பறப்புச் செலவை முன்பணமாகப் பெறுங்கள். சொந்தப் பணத்தைப் போட்டு ஹெலிகொப்டரை வரவழைக்கும் நிலைக்கு ஒருபோதும் போகாதீர்கள். வானிலையால் தள்ளிப்போனால் எந்தச் செலவு யாருடையது, ஹெலிகொப்டர் வந்து நின்ற பிறகு மழை பிடித்தால் என்ன செய்வது என்பவை கையெழுத்துக்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படங்களை யார், எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். பதிப்புரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஹோட்டலுக்காக எடுத்த கடற்கரைப் படத்தைச் சுற்றுலா நிறுவனம் ஒன்று பிறகு கேட்டால் கொடுக்க முடியுமா என்பது நீங்கள் எழுதிய ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

செலவைக் குறைக்கச் சிறந்த வழி, வேலைகளைச் சேர்ப்பது. ஹெலிகொப்டர் வரும் வழியில் சிகிரியாவும் கந்தளாய்க் குளமும் இருக்கின்றன. தெற்கே பாசிக்குடா இருக்கிறது. இரண்டு மூன்று வாடிக்கையாளர்களை ஒரே கிழமைக்குள் கொண்டுவந்தால் போக்குவரத்துச் செலவைப் பகிரலாம். சேர்ப்பதை அனைவருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தரையிறங்கிய அன்றே கமராவின் நினைவக அட்டைகளை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் பிரதி எடுங்கள், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். அனுமதியில் இல்லாத பாதுகாப்பு இடங்கள் ஓரத்திலாவது விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் பார்த்து, விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள் அல்லது நீக்கிவிடுங்கள். அனுமதி நிபந்தனையில் படங்களைக் காட்டவேண்டும் என்றிருந்தால் வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் காட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடம், திகதி, நேரம், உயரம் ஆகியவற்றைக் குறிப்பாகச் சேர்த்து, ஊர்ப்பெயர்களை உள்ளூர்க்காரர் சொல்வதுபோலவே எழுதுங்கள். மகாவலி முகத்துவாரத்து மணல்திட்டுகள் மழைக்கு மழை இடம்மாறுகின்றன. கடற்கரைக் கட்டடங்களும் கூடிக்கொண்டே வருகின்றன. ஒவ்வொரு பறப்பிலும் இந்த இடங்களில் ஒன்றிரண்டையாவது பழைய உயரத்திலும் பழைய கோணத்திலும் மறுபடி எடுத்துச் சேமித்து வந்தால், கரையோர அபிவிருத்தித் திட்டம் ஒன்றுக்காகப் பழைய நிலையைத் தேடி வருபவருக்குக் காட்ட உங்களிடம் படம் இருக்கும். அந்தக் கோப்புறைக்குத் தனி விலைப்பட்டியல் ஒன்றையும் இப்போதே தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.